காரையா, செங்கல்லா?

சிறுநீர்ப்பைக் கட்டியில் சிகிச்சையின் போக்கைப் பெரும்பாலும் முடிவு செய்வது, கட்டியின் பருமனைவிட அது பையின் சுவருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான். திசு ஆய்வறிக்கையில் முதலில் தேட வேண்டிய சொல் 'தசை'.

பெங்களூரின் பிரேசர் டவுன், 1898 பிளேக்குக்குப் பின் எழுந்த பகுதி. அங்கே மிஞ்சியிருக்கும் பழைய வீட்டுச் சுவரில் மேலே வெள்ளை, அடியில் சுண்ணாம்புக் காரை, அதற்கும் உள்ளே செங்கல். சிறுநீர்ப்பையிலும் அப்படித்தான்: உள்வரிச் செல்கள், இணைப்புத் திசு, தடித்த தசை. கட்டி வெள்ளையோடு நின்றால் டிஏ, காரைக்குள் இறங்கினால் டி1, செங்கல்லில் பாய்ந்தால் டி2. முதல் இரண்டையும் பெரும்பாலும் சுரண்டி எடுத்து, பைக்குள் மருந்து செலுத்திக் கண்காணிக்கலாம். டி2 என்றால் பையையே அகற்றும் பேச்சு வந்துவிடும்.

சிறுநீர்ப் பாதை வழியாகச் சுரண்டி எடுப்பவை சிறு துணுக்குகள். அவற்றில் காரை மட்டும் இருந்தால், செங்கல் நனைந்ததா என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பல நேரம் மறுபடி சுரண்டச் சொல்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய காரையில் செங்கல் தூளான சுர்க்கி கலந்திருக்கும். அதேபோல் இணைப்புத் திசுவுக்குள்ளேயே மெல்லிய தசை இழைகள் சிதறிக் கிடக்கும். உண்மையான சுவர்த் தசை தடித்த கட்டுகளாக இருக்கும். சுர்க்கியைச் செங்கல் என்று எண்ணிவிட்டால் டி1 டி2 ஆகிவிடும். ஒருவர் தேவையில்லாமல் பையை இழக்க நேரும்.

ஆழம் மட்டுமே கணக்கல்ல. மேடு தட்டாமல் வெள்ளையிலேயே படரும் தட்டைப் புற்று மேலோட்டமானது, ஆனால் மூர்க்கமானது.

1895இல் பிராங்க்பர்ட் மருத்துவர் லுட்விக் ரென் சாயத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றைக் கண்டார். இன்று அதற்கு முதன்மைக் காரணம் புகையிலை. தட்டைப் புற்றுக்குப் பைக்குள் செலுத்துவது பிசிஜி. சென்னை கிண்டியில் 1948 முதல் காசநோய்க்கு எதிராகத் தயாரான அதே வகைத் தடுப்பூசி. 'சிறுநீர்ச் சோதனை ஒன்றே போதும்' என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். மந்தமான கட்டியின் செல்கள் இயல்பான செல்களைப் போலவே இருப்பதால் சிறுநீரில் அவை எளிதில் தப்பிவிடும். வலியில்லாமல் ரத்தம் போனால் உள்நோக்கிக் கருவியால் பார்த்தே ஆக வேண்டும்.

விரைக் கட்டியில் கேள்வியே வேறு: எந்தச் செல்? இந்தியாவில் அபூர்வமான இந்நோய் பெரும்பாலும் 15 முதல் 35 வயதினரைத் தாக்குகிறது. கட்டி பிறப்பது இனச்செல்லிலிருந்து. அது எதுவாகவும் மாறவல்லது. ஒரே கட்டிக்குள் குருத்தெலும்பும் நஞ்சுக்கொடித் திசுவும் அருகருகே கிடக்கலாம். விரை கருவில் சிறுநீரகத்துக்கு அருகே உருவாகி இறங்குவதால், நோய் முதலில் பரவுவது வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்களுக்கு. விதைப்பையைக் கீறினால் பரவலுக்கு வேறு நிணநீர்ப் பாதை திறந்துவிடக்கூடும். எனவே அதைக் கீறாமல், தொடைக்கவட்டின் வழியே விரையை எடுக்கிறார்கள்.

ஸ்லைடு முழுக்கச் செமினோமா என்ற ஒரே வகை விரைக் கட்டி. ஆனால் ரத்தத்தில், கருவின் கல்லீரல் சுரக்கும் ஏஎஃப்பி புரதம் உயர்ந்திருக்கிறது, நோயாளிக்குக் கல்லீரல் நோயும் இல்லை என்றால், நம்ப வேண்டியது ரத்தத்தை. செமினோமா அப்புரதத்தைச் சுரப்பதில்லை. மீதமுள்ள கட்டியையும் துண்டு துண்டாக நறுக்கி, ஒளிந்திருக்கும் மற்ற செல்லைத் தேட வேண்டும்.