கச்சான் வெண்ணெய்: வீட்டிலேயே அரைக்கலாம், ஆனால் பார்த்து அரைக்க வேண்டும்



சென்ற மாதம் ஒரு தாயார் இரண்டு கிலோ கச்சானைப் பையோடு கிளினிக்குக்குத் தூக்கி வந்தார். "டிரசர் ஐயா, பிள்ளைங்க ரொட்டிக்குத் தடவ பீனட் பட்டர் கேக்குதுங்க. கடையில போத்தல் விலை ஏறிப்போச்சு. நானே வறுத்து அரைக்கலாமுன்னு பார்க்கிறேன். கொஞ்சம் பூத்திருக்கு. வறுத்தா போயிடுமில்ல?" என்று கேட்டார்.

பைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்தேன். பத்துப் பருப்பில் இரண்டில் பச்சைப் பூசணம். "அம்மா, இது கோழிக்குக்கூட ஆகாது. கொண்டுபோய்ப் புதைச்சிடுங்க" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய சாமான் அல்லவா? அவருக்குச் சொன்ன காரணத்தையே உங்கள் அனைவருக்கும் சொல்கிறேன்.

பூசணத்தில் என்ன இருக்கிறது?

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது, அவற்றின் தீனியில் கலந்த கச்சான் பிண்ணாக்கில் ஒரு பூசணமும், அது உண்டாக்கிய நஞ்சும் இருந்தன. அந்த நஞ்சின் பெயர் அஃப்லடாக்சின். அது ஈரலைத் தாக்கும். அளவு கூடினால் உடனே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய் வரலாம். மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி உடம்பில் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நம் பேராக்கே இந்த நஞ்சைக் கண்டிருக்கிறது. 1988 அக்டோபரில் அரிசி மீ சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தார்கள். இறந்த பிள்ளைகளின் உடலில் அஃப்லடாக்சின் இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. போரிக் அமிலமும் காரணமாகப் பேசப்பட்டது. அந்த மீ வேகவைத்த பண்டம் என்பதை மறக்க வேண்டாம். வறுத்தாலும், வேகவைத்தாலும், கழுவினாலும், வெயிலில் காயப்போட்டாலும் இந்த நஞ்சு முழுதும் போகாது. பூசணத்தைத் துடைத்துவிட்டால் கண்ணுக்குத்தான் மறையும்.

அப்படியானால் கச்சானே வேண்டாமா?

அப்படி இல்லை. மெங்லெம்பு கச்சானும் புந்தோங் கச்சாம் பூத்தேயும் பெயர் பெற்ற ஊர்க்காரர்கள் நாம். 100 கிராம் கச்சானில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. வெறும் தேநீரும் ரொட்டியும் பசியாறிவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைக்கு, ரொட்டியில் ஒரு மேசைக்கரண்டி கச்சான் வெண்ணெய் தடவினால் 4 கிராம் புரதம் கூடும். பாதிக்குப் பாதி எண்ணெய் உள்ள பண்டம் என்பதால் பெரியவர்கள் அளவோடு சாப்பிட வேண்டும். இனிப்புநீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சீனி, உப்புச் சேர்க்காமல் அரைத்துக்கொள்ளலாம்.

செய்யும் விதம்

1. அரைக் கிலோ பச்சைக் கச்சான் வாங்குங்கள். முறத்தில் பரப்பி, பூத்தது, கறுத்தது, சுருங்கியது, சொத்தை, கசப்பு வாடை உள்ளது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். இதுதான் முக்கியமான வேலை. பூத்தது நிறைய இருந்தால் முழுதையும் எறிந்துவிடுங்கள்.

2. வாணலியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே 15 முதல் 20 நிமிஷம் வறுங்கள். தோல் வெடித்து மணம் வரவேண்டும். கருகினால் கசக்கும்.

3. நன்றாக ஆறியபின் கையால் தேய்த்துத் தோலைப் புடையுங்கள். உள்ளே நிறம் மாறிய பருப்பு தெரிந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

4. ஈரமில்லாத மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் மாவாகும், பிறகு கட்டியாகும், பிறகு எண்ணெய் விட்டுக் குழம்பும். அவசரப்பட்டு நடுவில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் பட்டால் சீக்கிரம் கெடும். இறுகி நின்றால் ஒரு கரண்டி எண்ணெய் போதும்.

5. அரைத் தேக்கரண்டி உப்பு, விரும்பினால் இரண்டு தேக்கரண்டி சீனி சேர்த்துக் கடைசியாக ஒரு சுற்று விடுங்கள்.

கொதிநீரில் போட்டெடுத்து நன்றாகக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டி போடக்கூடாது. மேலே எண்ணெய் மிதந்தால் பயப்பட வேண்டாம், கலக்கிக்கொள்ளுங்கள். சிக்கெடுத்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பச்சைக் கச்சானையும் மூட்டையாக வாங்கி அடுப்படியில் வைக்காமல், தேவைக்குக் கொஞ்சமாக வாங்குவதே நல்லது.

குழந்தைகள் விஷயத்தில்

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். வெண்ணெயையும் உருண்டையாகக் கொடுக்காமல் மெல்லியதாகத் தடவிக் கொடுங்கள். சிலருக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. தின்றவுடன் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தத் தாயார் மறுவாரம் நல்ல கச்சானாகப் பார்த்து வாங்கி அரைத்து, சின்னப் போத்தலில் எனக்கும் கொண்டுவந்தார். "ரெண்டு கைப்பிடி பொறுக்கிப் போட்டுட்டேன் ஐயா, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார். அந்த இரண்டு கைப்பிடி நட்டமில்லை, தாய்மார்களே. பிள்ளையின் ஈரலுக்கு நாம் கட்டும் காப்புறுதி.