உழைப்பும் உடல்வலிமையும்

பதுளை, பசறை மலைச்சரிவுகளில் நாள் முழுதும் கொழுந்துக் கூடை சுமப்போருக்கும் உடற்பயிற்சி வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். வேண்டும். உழைப்பு வேறு, பயிற்சி வேறு.

ஒரே அளவான சுமையை ஓயாது சுமக்கும் தசை களைக்கிறது. தன் ஆற்றலின் எல்லைவரை சிலமுறை மட்டும் முயன்று, பின்னர் ஓய்வும் பருப்பு, முட்டை, கருவாடு போன்ற புரத உணவும் பெறும் தசையோ வலுப்பெறுகிறது. அவ்வலிமை எலும்பை உறுதிப்படுத்தும். குருதியிலுள்ள சர்க்கரையைத் தசை ஏற்கத் துணைசெய்யும். முதுமையில் தடுக்கி விழாமற் காக்கும்.

வயது கடந்துவிட்டதே எனக் கலங்கவேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில், 90 வயதை ஒட்டியோர் சிலர் 8 வாரங்கள் கடும் பளுப்பயிற்சி செய்தனர். பயிற்சியை நிறைவுசெய்தோரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்ததென 1990இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. வளர்ந்தோர் வாரத்தில் இரு நாளேனும் தசைவலிமைப் பயிற்சி செய்தல் வேண்டுமென 2020இல் உலகச் சுகாதார நிறுவனமும் அறிவுறுத்தியது.

இதற்குக் கருவி வேண்டுவதில்லை. லயத்து வாசலில் உறுதியான வாங்கொன்றில் அமர்ந்து, கை ஊன்றாது எழுந்து அமருங்கள். இறுதி இரண்டு மூன்று முறை கடினமாதல் வேண்டும். எளிதாகிவிட்டால், அரிசிப் பை ஒன்றை மார்போடணைத்துச் செய்யுங்கள். நோயுற்றோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

நாற்பதாண்டுக் காலம் மலையேறிய கால்கள், ஓய்வுபெற்றபின் வீட்டுப் படியேறத் தயங்குதல் விதியன்று.