தொலைக்காட்சிப் பதிவிலே நேரும் பிழைகள்

பழைய ஒப்புமைத் தொலைக்காட்சியிலே அலை நலிந்தால் திரையில் வெண்புள்ளிகள் சொரியும். ஆயினும் முகமும் குரலும் ஒருவாறு விளங்கிக்கொண்டிருக்கும். இலக்கமுறைத் தொலைக்காட்சியின் இயல்போ வேறு. அலை ஓர் எல்லைவரை நலிந்தாலும் படம் பளிங்குபோல் தெளிவாகவே நிற்கும். அவ்வெல்லையைக் கடந்ததும் கட்டங்கட்டமாகச் சிதறி உறைந்துவிடும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது நொடிநேரத் தொல்லை. பதிவு செய்து வைத்தவருக்கோ நிரந்தர இழப்பு. வந்து சேராத பகுதியைப் பின்னர் எக்கருவியாலும் மீட்க இயலாது. ஆகவே, மறுபடி ஒளிபரப்பாகாத நிகழ்ச்சியொன்றைப் பதிய எண்ணுவோர் முன்னரே தம் கருவியைச் சோதித்தறிதல் நன்று.

படமும் ஒலியும் 188 பைட் அளவுள்ள சிறு பொதிகளாகக் கட்டப்பட்டே நம் வீட்டை வந்தடைகின்றன. பிரித்தானியாவில் 1998 இல் தொடங்கிய முதற்றலைமுறைத் தரைவழி முறையிலே, ஒவ்வொரு பொதியுடனும் திருத்தத்துக்கென 16 பைட் சேர்த்து அனுப்பப்படுகின்றது. அதன் துணையால், ஒரு பொதியில் 8 பைட் வரை பழுதுபட்டாலும் பெறுங்கருவி செம்மைப்படுத்திவிடும். அதற்கு மேற்படின் திருத்த முடியாது. பொதியின் தலைப்பிலே 'பழுது' என்னும் அடையாளம் இடப்படும். அன்றியும், ஒவ்வோர் ஓடையின் பொதிகளுக்கும் 0 முதல் 15 வரை சுழன்றுவரும் தொடரிலக்கம் உண்டு. இலக்கம் தாவியிருப்பின் இடையிலே பொதி தொலைந்தது என்பது பொருள்.

இவ்விரண்டையும் பிரித்து நோக்காமல் கூரைமேல் ஏணி சார்த்துவோர் பலர். பழுதடையாளம் மிகுந்திருந்தால் குற்றம் அன்ரெனாவிலோ, கம்பியிலோ, வான்வெளியிலோ இருத்தல் வேண்டும். பழுதடையாளம் ஒன்றுமின்றித் தொடரிலக்கம் மட்டும் முறிந்திருந்தால், அலை செவ்வையாக வந்திருக்க, கணினியோ வன்தட்டோ யூஎஸ்பி இணைப்போ பொதியைத் தவறவிட்டதெனக் கொள்ளலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை: சில கருவிகள் பழுதுபட்ட பொதிகளை வெளியே விடாமலே எறிந்துவிடும். அத்தகைய கருவிகளிலே, திருத்தப்படாத பிழைகளின் எண்ணிக்கையையும் பார்த்தல் வேண்டும். கணினியிற் பதிவோர் ரீஎஸ்டக் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு பதிவுக் கோப்பையே ஆராய்ந்துவிடலாம்.

குற்றம் அலையிலேதான் என்று தெளிந்தபின், பெருக்கியொன்றை வாங்கி மாட்டுவதே பலரும் செய்வது. பெரும்பாலும் இது வீண் செலவு. பெருக்கி, அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அலை ஏற்கெனவே வலியதாயின் பெறுங்கருவியைத் திணறடித்துப் பிழையைக் கூட்டவும் செய்யும். திரையிலே காட்டப்படும் வலிமையைவிடத் தரத்தையே நம்புக. கூரையில் ஏறுமுன் கம்பியின் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். செப்புப் பின்னல் கறுத்தோ பச்சை படர்ந்தோ இருந்தால், நீர் புகுந்துவிட்டது. இரு கருவிகளுக்கென இடையிலே பிரிப்பான் வைத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் பாதி வலுக்கூடக் கிடைப்பதில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பிழை நேர்ந்த நேரங்களைக் குறித்து வைத்தல் மிகப் பயன்தரும். சில நிமிடங்களுக்கொரு முறை நொடிப்பொழுது முறிந்தால், குளிர்சாதனப் பெட்டியின் ஆளி பொறி கிளப்புகின்றதா என்று பாருங்கள். ஒரு நாளிலிருந்து திடீரெனத் தொடங்கியிருந்தால், அருகே புதிய தொலைபேசிக் கோபுரம் எழுந்ததா என வினவுங்கள். 2013 இல் பிரித்தானியாவிலே 800 மெகாஹேட்ஸ் பட்டையில் நான்காம் தலைமுறைத் தொலைபேசி பரவியபோது, இத்தொல்லைக்கு அஞ்சியே வீடுகளுக்கு இலவசமாக வடிகட்டிகள் வழங்கப்பட்டன.

அமைதியான, காற்றழுத்தம் மிகுந்த நாட்களிலே மட்டும் படம் குலையுமாயின், தொலைதூரக் கோபுரத்தின் அலை வளிமண்டலத்தில் வளைந்து வந்து மோதுகின்றது. அவ்வேளையில் நிலையங்களை மீளத் தேடும்படி கருவியைப் பணித்தல் ஆகாது. நம் நிலையங்கள் மறைந்து, அயலூர் நிலையங்கள் பட்டியலிலே வந்து அமர்ந்துகொள்ளும். காலநிலை மாற, அவ்வலையும் விலகிவிடும்.