மூளைக்கு டானிக் கேட்கும் பெற்றோருக்கு

“நன்றாகப் பேசுகிறான், ஒருமுறை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்கிறான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஒன்றும் வரவில்லை. ஞாபகசக்திக்கு ஏதேனும் டானிக் எழுதித் தாருங்கள், டாக்டர்.” காலாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் வெளிவரும் வாரங்களில், குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் இவ்வேண்டுகோளை அடிக்கடி கேட்கிறோம். அத்தகைய டானிக் எதுவும் இல்லை. ஆயினும், மருத்துவமனை அக்குழந்தைக்குச் செய்யக்கூடியது நிறைய உண்டு.

முதலில் உடல்நலம்

பார்வை குறைந்த குழந்தை, கரும்பலகை எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று எண்ணிக்கொள்ளும். அடிக்கடி சளி பிடிப்பவர்களுக்கு நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் மந்தமாகலாம். வகுப்பில் சில விநாடிகள் வெறித்துப் பார்த்து, அழைத்தாலும் திரும்பாத குழந்தையைக் ‘கவனமில்லாதவள்’ என்று கண்டிக்கிறோம். அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கக்கூடும். இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, குறட்டையால் கெடும் உறக்கம் ஆகியவையும் படிப்பைப் பாதிக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு. ஆகவே, டியூஷனை மாற்றுவதற்கு முன் கண், காது பரிசோதனைகளை முடித்துவிடுங்கள்.

கற்றல் குறைபாடு என்பது என்ன?

மேற்கூறியவை எதுவும் இல்லை. அறிவுத்திறனும் வயதுக்கேற்ப உள்ளது. முறையாகக் கற்பித்தும் வாசிப்போ எழுத்தோ கணக்கோ கைகூடவில்லை எனில், அது குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்கலாம். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறிப்போகும். வாசிக்கையில் வரி தவறும். பலகையில் உள்ளதை எழுதி முடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். இது சோம்பலாலோ வளர்ப்புப் பிழையாலோ வருவதன்று. மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் முறையில் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதற்குக் காரணம். மருந்தால் இது மாறாது. சிறப்புக் கல்வியாளரின் தொடர் பயிற்சியால் முன்னேற்றம் காணலாம்.

சான்றிதழும் சலுகையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரிக்கும் 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. குழந்தைநல மருத்துவரின் பரிசோதனைக்கும் உளவியலாளரின் மதிப்பீட்டுக்கும் பின்னர், 8 வயது நிறைந்தவர்களுக்கு அரசு மருத்துவக் குழு சான்றிதழ் வழங்குகிறது. அதைக் கொண்டு பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கோரலாம். விண்ணப்பம் பள்ளி வழியாகவே செல்லும்; எனவே பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திராதீர்கள்.

பயிற்சியைத் தொடங்கச் சான்றிதழ் தேவையில்லை என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். 2013-இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களுக்கு அனுப்புகின்றன. அவ்வாறு தரப்படும் பரிந்துரைச் சீட்டைப் பையிலேயே வைத்துவிடாதீர்கள்.

பள்ளிக்கு ஒரு கடிதம்

எங்கள் கோப்பில் உறங்கும் அறிக்கையால் குழந்தைக்குப் பயனில்லை. ஆசிரியருக்கென ஒரு பக்கக் கடிதத்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். முன்வரிசையில் இடம், பலகையிலிருந்து எழுதுவதற்குப் பதிலாக அச்சிட்ட குறிப்பு, வகுப்பின் முன் உரக்க வாசிக்கக் கட்டாயப்படுத்தாமை, வாய்மொழியாக விடை சொல்ல வாய்ப்பு: இவற்றுக்குப் பெரும் செலவில்லை. கடிதத்தில் எதை எழுதலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

‘மக்கு’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கும் குழந்தை, நாளடைவில் அதை நம்பிவிடுகிறது. பள்ளிக்குச் செல்ல மறுப்பதும், காலையில் வயிறு வலிப்பதும், இறுதியில் படிப்பையே கைவிடுவதும் அந்த நம்பிக்கையிலிருந்து தொடங்கக்கூடும். எழுத்துப் பிழையைவிட அதுவே எங்களுக்குப் பெருங்கவலை.

எங்களைக் காண வரும்போது மதிப்பெண் பட்டியலோடு, குழந்தை எழுதிய இரண்டு குறிப்பேடுகளையும் வகுப்பாசிரியர் கவனித்தவற்றை எழுதிய தாளையும் கொண்டு வாருங்கள். ஐந்து நிமிடப் பரிசோதனையில் எங்கள் கண்ணுக்குத் தப்புவதை அவை காட்டிவிடும்.