புண்ணாக்கைத் தின்பது யார்?

பத்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு ஒன்று, ஒரே நாளில் முந்நூறு கிராமுக்கு மேல் புரதத்தைப் பாலில் கொடுத்துவிடுகிறது. ஏறக்குறைய ஐம்பது முட்டைகளில் இருக்கும் புரதம் அது. ஆனால் பசுவின் முன்னால் கிடக்கும் வைக்கோலில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் புரதம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு கரைத்துத் தொட்டியில் ஊற்றுகிறோம். பருத்திக்கொட்டையை ஆட்டி வைக்கிறோம். ஊற்றிய புரதம் நேராக மடிக்குப் போகிறது என்றே எவரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. கடலைப் புண்ணாக்கில் உள்ள புரதத்தின் பெரும்பகுதி மாட்டின் குடலைப் பார்ப்பதே இல்லை. வழியிலேயே வேறு உயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடுகின்றன.

அசைபோடும் மாட்டின் கழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். மென்றதை விழுங்கும். சில நொடி தாடை அசையாது. பிறகு கழுத்தின் இடப்பக்கத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே விறுவிறுவென்று ஏறும். மறுபடியும் ஐம்பது, அறுபது முறை அரைபடும். அந்த உருண்டை புறப்பட்டு வரும் இடம் பெருவயிறு. வளர்ந்த பசுவில் அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. வெப்பம் எப்போதும் 39 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அந்தச் சாற்றில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் இருக்கும். லட்சக்கணக்கில் புரோட்டோசோவாக்களும், அவற்றோடு பூஞ்சைகளும் உண்டு. வைக்கோலின் நாரை உடைக்கும் நொதி மாட்டிடம் கிடையாது. இந்த நுண்ணுயிர்களிடம் உண்டு. அந்த வேலைக்காக இவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது மாடு. இடம் கிடைத்தவை பந்திக்கு முந்திக்கொள்கின்றன.

புண்ணாக்கு உள்ளே விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதன் புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரித்து, அவற்றையும் உடைத்து அமோனியா வரை கொண்டுபோகின்றன. பிறகு அந்த அமோனியாவையே எடுத்துத் தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன, பெருகுகின்றன. பெருகியவை உணவோடு சேர்ந்து அடுத்தடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டு நான்காவது வயிற்றில் விழுகின்றன. அங்கேதான் அமிலம் காத்திருக்கிறது. லைசோசைம் என்ற நொதியும் அங்கே சுரக்கிறது. நம் கண்ணீரில் கிருமிகளின் சுவரை உடைக்கும் அதே வகை நொதி, மாட்டின் வயிற்றில் அமிலத்தைத் தாங்கும்படி மாறியிருக்கிறது. நுண்ணுயிர்கள் அங்கே உடைந்து, சிறுகுடலில் செரிக்கின்றன. பசுவுக்குக் கிடைக்கும் அமினோ அமிலங்களில் பாதிக்கு மேல் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான். மாட்டுக்குத் தீவனம் வைப்பவர் முதலில் ஒரு பெரும் நுண்ணுயிர்ப் பண்ணைக்குத்தான் தீவனம் வைக்கிறார்.

இதை மறுக்க முடியாதபடி காட்டியவர் பின்லாந்தின் வேதியியலாளர் அர்துரி விர்த்தானென். பசுந்தீவனத்தில் அமிலம் சேர்த்து, புரதம் கெடாமல் குளிர்காலம் முழுக்கக் காக்கும் முறையைக் கண்டவர். 1945இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். 1960களில் அவர் சில கறவை மாடுகளுக்குப் புரதமே இல்லாத தீவனம் கொடுத்தார். சுத்திகரித்த செல்லுலோஸ், மாவுச்சத்து, சர்க்கரை இவற்றோடு நைட்ரஜனுக்கு யூரியாவும் அம்மோனிய உப்பும். அந்த மாடுகள் கறந்தன. அவற்றில் அதிகம் கறந்தது ஓராண்டில் நாலாயிரம் கிலோவைத் தாண்டியது. பாலின் புரதமும் வழக்கமான பாலை ஒத்தே இருந்தது. 1966இல் ‘சயின்ஸ்’ இதழில் அந்த முடிவுகள் வெளியாயின. வயலுக்குப் போடும் யூரியாவிலிருந்து பால்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத ஆய்வு இது.

அப்படியானால் புண்ணாக்கே வேண்டாமே என்று தோன்றலாம். விர்த்தானென் தன் மாடுகளை யூரியாவுக்கு மெல்ல மெல்லப் பழக்கினார். பழகாத மாடு மூட்டையைக் கிழித்து யூரியாவைத் தின்றுவிட்டால் அமோனியா இரத்தத்தில் ஏறி, சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். நுண்ணுயிர்கள் பெருகும் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கிடைக்கும் மாவுச்சத்தும் நாரும் எவ்வளவோ அவ்வளவுதான் பெருகும். நிறையக் கறக்கும் பசுவுக்கு அவை தரும் புரதம் போதாது. அதற்கு, பெருவயிற்றில் அகப்படாமல் தப்பிக் குடலுக்குப் போகும் புரதமும் வேண்டும்.

எந்தப் புண்ணாக்கு எவ்வளவு தப்பும்? இதை அளக்கும் முறை எளிமையானது. ஆய்வுப் பண்ணைகளில் சில மாடுகளுக்கு இடது விலாவுக்குப் பின்னே அறுவை செய்து, பெருவயிற்றுக்குள் கை விடும் அளவுக்கு வாய் வைத்து ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். அந்த மாடு பல ஆண்டுகள் மற்ற மாடுகளைப் போலவே மேய்ந்து வாழும். நுண்ணிய துளைகள் கொண்ட நைலான் துணியில் உள்ளங்கை அளவுப் பை தைத்து, சில கிராம் புண்ணாக்கை எடைபோட்டு உள்ளே வைத்து, வாயைக் கட்டி, மூடியைத் திறந்து இறக்கிவிடுவார்கள். நான்கு மணி, எட்டு மணி, ஒரு நாள் என்று கணக்கிட்டு ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, தண்ணீர் தெளியும் வரை அலசி, உலர்த்தி, மறுபடியும் எடை போடுவார்கள். கடலைப் புண்ணாக்கு வைத்த பை சீக்கிரம் இளைத்துவிடும். தேங்காய்ப் புண்ணாக்கில் கணிசமான புரதம் அப்படியே இருக்கும். கொப்பரை காயும்போதும் எண்ணெய் ஆட்டும்போதும் படும் சூடு அதற்கு ஒரு காரணம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு இரண்டுக்கும் இடையில் நிற்கும்.

தீவன மூட்டையில் 20 அல்லது 22 விழுக்காடு புரதம் என்று அச்சிட்டிருப்பது இதையெல்லாம் சொல்வதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி வந்த எண் அது. யூரியா கலந்தாலும் அந்த எண் ஏறும். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்துக்கொண்டு, பால் பணத்தில் பாதியைப் புண்ணாக்குக் கடைக்கே கொடுக்கும் பெண்களுக்கு இந்த விவரம் போய்ச் சேரவேண்டும் என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. கடலைப் புண்ணாக்கை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பால் கூடிவிடாது. மிஞ்சும் அமோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றும். அதில் கொஞ்சம் எச்சில் வழியாகப் பெருவயிற்றுக்குத் திரும்பும், மற்றதில் பெரும்பகுதி மூத்திரத்தில் போகும். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் நெடியில் புண்ணாக்குக்குக் கொடுத்த காசும் இருக்கிறது. புண்ணாக்கோடு சோளம், கம்பு, தவிடு என்று மாவுள்ள தீவனமும் அளவாகச் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்கள் அந்த அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும். மாவையும் அள்ளிப் போடக்கூடாது. மாட்டுப் பொங்கலன்று ஆசையாக ஊட்டும் பொங்கல் அளவு மீறினால், பெருவயிறு புளித்து மாடு படுத்துவிடும்.

புரதத்தைத் தப்பவைக்கவும் வழி உண்டு. 1967இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பால் புரதத்தை ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி ஆடுகளுக்குக் கொடுத்தார்கள். கம்பளி கூடுதலாக வளர்ந்தது. ஃபார்மால்டிஹைடு புரதத்தோடு ஏற்படுத்தும் பிணைப்பு பெருவயிற்றில் அவிழாது, நான்காவது வயிற்றின் அமிலத்தில் அவிழும். நம் நாட்டில் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இதே வழியில் புண்ணாக்கைப் பதப்படுத்தும் முறையைப் பரப்பியது. அளவு பிசகாமல் மூடிய கலத்தில் ஆலையில் செய்யும் வேலை இது. வீட்டில் கைவைக்கக் கூடாது. வேல மரத்துக் காய்களிலும் இலைகளிலும் உள்ள துவர்ப்புச் சத்து, அளவோடு இருந்தால், இதே காப்பைத் தானாகவே தருகிறது.

புண்ணாக்கு பூசணம் பிடித்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தது, பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். அந்த நஞ்சு, அஃப்ளாடாக்சின், மாட்டின் பாலிலும் இறங்கும்.

நுண்ணுயிர்களே முதல் விருந்தாளிகள் என்பதற்கு இன்னொரு சாட்சி, நம் வேலியோரத்துச் சூபாபுல். அதன் இலையில், உலர்ந்த எடையில், ஏறக்குறைய கால் பங்கு புரதம். ஆனால் மிமோசின் என்ற நஞ்சும் உண்டு. அதையே தொடர்ந்து தின்ற ஆஸ்திரேலிய மாடுகளுக்கு முடி உதிர்ந்தது, தைராய்டு வீங்கியது. ஹவாய்த் தீவுகளின் ஆடுகளோ அதே இலையைத் தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், வித்தியாசம் ஆட்டில் இல்லை, அதன் வயிற்று நுண்ணுயிரில் இருக்கிறது என்று கருதினார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய மாடுகளுக்குள் சேர்த்தார்கள். நஞ்சின் தொல்லை அடங்கியது. மிமோசினிலிருந்து வரும் நச்சுப் பொருளைத் தின்னும் அந்த பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையே சேர்த்து ‘சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை’ என்று பெயரிட்டார்கள். குவீன்ஸ்லாந்தில் அந்த நுண்ணுயிர்க் கலவையைக் கலன்களில் வளர்த்து, சூபாபுல் மேய்க்கும் பண்ணைகளுக்குக் கொடுத்தார்கள். மந்தையில் சில மாடுகளின் வாயில் ஊற்றினால் போதும். ஒரே இடத்தில் மேய்ந்து பழகும் மற்ற மாடுகளுக்கு அது தானாகப் பரவிவிடும்.