உண்ணியின் வழியே வந்த காய்ச்சல்

மாட்டின் காதுமடலிலும் மடியிலும் ஒட்டிக்கொண்டு குருதியை உறிஞ்சும் உண்ணியை அறியாத உழவர் இலர். அது குருதியை எடுப்பதோடு நில்லாமல் நோயையும் கொடுத்துச் செல்கிறது என மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்குகிறது.

அந்நாட்டு உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், டெக்சாஸின் நீள்கொம்பு மாடுகள் வடக்கிலுள்ள சந்தைகளுக்கு மந்தை மந்தையாக ஓட்டிச்செல்லப்பட்டன. அவை நல்ல உடல்நலத்துடனேயே சென்றன. ஆனால், அவை கடந்துசென்ற நிலத்தில் மேய்ந்த வடபகுதி மாடுகள் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துக் கடுங்காய்ச்சல் கண்டு, சிவந்த சிறுநீர் கழித்து மடிந்தன. நோயற்ற மாடு நோயைத் தருவது எங்ஙனம்? மாடு வளர்ப்போர் சிலர் உண்ணியைச் சுட்டினர். கற்றோர் பலர் அதனை நகைத்து ஒதுக்கினர். இதற்கிடையே வழிமறித்தலும் தடைச்சட்டமும் பெருகின.

1889இல் வாஷிங்டன் நகருக்கு அருகிலிருந்த அரசு ஆய்வுப் பண்ணையில் தியோபால்டு ஸ்மித், பிரெட் கில்போர்ன் ஆகியோர் அந்த ஐயத்தைச் சோதித்தனர். ஒரு வேலிக்குள் உண்ணியோடு கூடிய தென்பகுதி மாடுகளை வடபகுதி மாடுகளுடன் விட்டனர். மற்றொன்றில், உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி நீக்கிய பின்னரே தென்பகுதி மாடுகளை விட்டனர். மூன்றாவதில் தென்பகுதி மாடே இல்லை. புல்வெளியில் உண்ணிகளை மட்டும் தூவினர். முதலாம், மூன்றாம் வேலிகளில் நோய் தோன்றியது. உண்ணி நீக்கப்பட்ட வேலியில் தோன்றவில்லை.

எனினும் ஒரு புதிர் எஞ்சியது. இவ்வகை உண்ணி மாடுவிட்டு மாடு தாவுவதில்லை. இளம்பருவத்தில் ஏறிய மாட்டிலேயே ஏறத்தாழ மூன்று வாரம் தங்கி வளர்ந்து, பெண் உண்ணி தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இறந்துவிடும். பின் நோய் எவ்வாறு பரவும்? ஸ்மித் ஆய்வகத்தில் பொரிக்கவைத்த, எந்த மாட்டின் குருதியையும் சுவைத்தறியாத உண்ணிக் குஞ்சுகளை நலமான மாட்டின்மீது விட்டார். அந்த மாடும் நோயுற்றது. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே நோய்க்கிருமி அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது! முட்டை பொரியும் காலமே அந்த ஒரு மாத இடைவெளிக்குப் பெரிதும் காரணம் என்பதும் விளங்கிற்று.

அக்கிருமி பெபிசியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. இது சிவப்பணுக்களுக்குள் பெரும்பாலும் பேரிக்காய் வடிவில் இணையிணையாகக் காணப்படும். அணுக்கள் சிதையும்போது வெளிப்படும் நிறமியே சிறுநீரைச் சிவக்கச் செய்கிறது. கன்றுப் பருவத்தில் தொற்றுக்கு உள்ளாகும் மாடு இலேசாக நோயுற்று எதிர்ப்பாற்றல் பெறும். ஒட்டுண்ணியோ அதன் குருதியில் நெடுநாள் தங்கும். நீள்கொம்பு மாடுகள் நலமாகத் தோன்றியதன் பொருள் இதுவே. 1893இல் வெளியான இவ்வாய்வு, கணுக்காலி ஒன்று ஓரணு ஒட்டுண்ணி நோயைப் பரப்பும் என்பதை முதன்முதலில் நிறுவியது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது அதன்பின், 1897இல்.

உண்ணியின் வாழ்க்கைமுறையே அதனை ஒழிக்கும் வழியையும் காட்டியது. மூன்று வாரம் ஒரே மாட்டில் தங்குவதால், இரு வாரத்திற்கு ஒருமுறை மருந்துநீர்த் தொட்டியில் மாட்டை இறக்கினால் அது முட்டையிடுமுன் மடியும். 1906இல் தொடங்கிய இயக்கம் ஆர்சனிக் கலந்த நீரைப் பயன்படுத்தியது. ஓரிரு மாடு வைத்திருந்த ஏழை உழவர்க்கு இது பெருஞ்சுமை. சிலர் தொட்டிகளை வெடிவைத்தே தகர்த்தனர். அவர்களது சினம் காரணமற்றதன்று; அலைச்சலும் இழப்பும் அவர்களுடையனவாகவே இருந்தன. ஆயினும் 1943இல் மெக்சிகோ எல்லையோரம் நீங்கலாக நாடு பெரும்பாலும் விடுபட்டது.

இந்தியாவில் இந்நோய் இன்றும் உண்டு. திமிலுடைய நாட்டு மாடுகளைவிட அயலினக் கலப்பு மாடுகளே இதற்கு மிகுதியாக ஆட்படுகின்றன. டைமினசின் போன்ற மருந்தைத் தொடக்கத்திலேயே செலுத்தினால் மாட்டைக் காக்கலாம். உண்ணிகளோ ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளித்தால் அதற்கு இசைந்து பிழைக்கின்றன. டெக்சாஸ் எல்லையில் குதிரையேறிய காவலர்கள் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இன்றும் வழிதவறிய மாடுகளைத் தேடுகின்றனர். ஆனால் அங்கே உண்ணியைச் சுமப்பவை மாடுகள் மட்டுமல்ல. மான்களும், இந்தியாவைத் தாயகமாகக் கொண்டு அங்குக் குடியேற்றப்பட்ட நீலகாய்களும் எந்தத் தொட்டியிலும் இறங்காமல் எல்லையைக் கடந்துகொண்டிருக்கின்றன.