கடையக் கடையப் பிறக்கும் நாதம்

தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரளும். பாற்கடலைக் கடைந்தபோது அமுதம் வந்தது. மரத்தைக் கடைந்தால் மங்கல நாகஸ்வரம் பிறக்கும். இம்மூன்று செயல்களுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது பொருத்தமே. மந்தர மலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவும் கொண்டு, தேவரும் அசுரரும் மாறி மாறி இழுத்தனர். திருமால் கூர்மமாகி அடியில் நின்று தாங்கினார். பழங்காலக் கடைசல் பட்டறையின் அமைப்பும் ஏறக்குறைய இதுவேதான்.

அங்கே இரு இரும்பு முனைகளுக்கு நடுவே மரத்துண்டு பொருத்தப்படும். அதன்மேல் சுற்றிய கயிற்றின் இரு நுனிகளையும் உதவியாளர் மாறி மாறி இழுக்க, மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். தரையில் அமர்ந்த ஆசாரி உளியைக் கையால் பிடித்து, கால் விரல்களால் அணைத்துக்கொள்வார். மரம் தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டுமே உளி செதுக்கும். பின்வாங்கும்போது உளியும் விலகி நிற்கும்.

கயிறு இழுக்க ஆள் இல்லையெனில்? அந்த வேலையைக் கால் ஏற்றுக்கொள்ளும். மேலே வளைந்து கொடுக்கும் கழி, கீழே மிதிபலகை, இரண்டையும் இணைத்து நடுவில் மரத்தைச் சுற்றிச் செல்லும் கயிறு. மிதித்தால் மரம் சுழலும். காலைத் தளர்த்தினால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுத்துக்கொள்ளும். ஐரோப்பியத் தச்சர்கள் பல நூற்றாண்டுகள் இம்முறையில் கடைந்தனர். பின்னர் கனத்த சக்கரம் சேர்ந்தது. நம் வீட்டுத் தையல் இயந்திரத்தைப் போல, மிதிக்க மிதிக்கச் சக்கரம் ஒரே திசையில் ஓடும். லியோனார்டோ டா வின்சி 15-ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய கடைசல் இயந்திரத்தை வரைந்து வைத்தார்.

இதைச் செய்யப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. அசையாத மரச்சட்டம், உளியைத் தாங்க ஒரு குறுக்குக்கட்டை, கனமான சக்கரம், ஒரே நேர்கோட்டில் நிற்கும் இரு முனைகள் ஆகியவை போதும். அந்த நேர்கோடு பிசகினால் கடைசலும் பிசகும். இன்று பெரும்பாலான பட்டறைகளுக்கு மின்மோட்டார் வந்துவிட்டது. ஆயினும் மிதிபலகையில் வேகம் கைவினைஞரின் மனத்துக்குக் கட்டுப்பட்டது. நுட்பமான இடத்தில் கால் தானாகவே நிதானிக்கும்.

அந்த நிதானம் எதற்கு என்பதை நரசிங்கம்பேட்டை சொல்லும். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள இவ்வூரின் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நன்கு முதிர்ந்து ஈரம் வற்றிய ஆச்சா மரமே இதற்கு ஏற்றது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் மரத்தைத் தேடி வாங்குவார்கள். மேலிருந்து கீழே சிறிது சிறிதாக அகலும் உட்துளை, விரல்களுக்கான 7 துளைகள், சுருதியைச் சீர்செய்ய மேலும் 5 துளைகள் என எல்லாம் கணக்குப்படி அமையவேண்டும். மயிரிழை தவறினாலும் ஸ்வரம் பேசாது. இவ்வூர் ரங்கநாதன் ஆசாரியும் நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் கூடி ஆராய்ந்ததன் பயனாகவே, சுத்த மத்யமம் தெளிவாக ஒலிக்கும் பாரி நாகஸ்வரம் உருவாயிற்று. உச்ச சுருதியில் ஒலித்த சிறிய திமிரியின் இடத்தை நீண்டு கம்பீரமாக ஒலிக்கும் பாரி பெற்றது.

இத்தகைய வாத்தியம் இன்று எங்கே ஒலிக்கிறது? பல கோயில்களில் தீபாராதனை வேளையில் விசையைத் தட்டினால் மின்சார முரசும் மணியும் முழங்குகின்றன. முரசு முழங்கலாம், ஆனால் மல்லாரி வாசிக்க அதனால் இயலாது. சுவாமி புறப்பாட்டில் முன்னே நடப்பவரின் அடியறிந்து வாசிக்கவும் தெரியாது. கலைஞருக்கு அழைப்பு இல்லையெனில் ஆசாரிக்கு வேலை இல்லை. வேலை இல்லாத தொழிலை மகன் ஏன் கற்கவேண்டும்?

திருநீர்மலை நீர்வண்ணப் பெருமாளையும், மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரரையும், குன்றத்தூர் முருகனையும் வழிபட்டுவரும் தாம்பரம் சுற்றுவட்டாரக் குடும்பங்களால் இதற்கு இயன்றது உண்டு. கிரகப்பிரவேசத்துக்கும் சஷ்டியப்தபூர்த்திக்கும் சதாபிஷேகத்துக்கும் ஒலிப்பதிவை ஓடவிடாமல் கலைஞரை நேரில் அழைக்கலாம். உற்சவத்தில் ஒரு நாள் நாகஸ்வரக் கைங்கரியத்தை நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஏற்கலாம். கலைஞருக்கு உரிய சம்பாவனையைத் தாம்பூலத்தோடு மனமுவந்து அளிக்கலாம்.

ஆயுதபூஜையன்று உளிக்கும் கடைசல் சட்டத்துக்கும் சந்தனம், குங்குமம் இடுவது பட்டறையின் வழிபாடு. அங்கே உருவான நாகஸ்வரத்தைச் சந்நிதியில் ஒலிக்கச் செய்வது நம் வழிபாடாக அமையட்டும்.